கீழ்த் தாழ்ப்பாள்

என் தம்பி மனைவிக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு புதுப் பெயர் வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் அவள் சலவை அக்கா. எனக்கு வெறும் 'ஏம்மா'. என் தம்பிக்கு அவளைக் கூப்பிடப் பெயரே வேண்டியிருந்ததில்லை. வாசல் கதவை இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு தட்டுவான். அவள் வந்து திறப்பாள். இப்போது பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பிள்ளைகள் அவளைக் கண்டதும் முழங்கையால் இடித்துக்கொண்டு, "டேய், தாழ்ப்பாள் ஆன்ட்டிடா" என்கிறார்கள்.

ஒரு சினிமாப் படம் கொடுத்த பெயர் அது. அந்தப் படத்தைப் பிரமாதம் என்பவர்கள் பாதி, குப்பை என்பவர்கள் பாதி. இரண்டு கட்சியும் சண்டை போடுவது இவளை வைத்துத்தான். இவள் எப்படிப்பட்டவள் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். எழுத எனக்கு முழுத் தகுதி கிடையாது. ஏன் என்பதை அந்த இடம் வரும்போது மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவுக்கு நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள். எனக்கு அடுத்தவன்தான் இவளுடைய புருஷன். ஃபேன், மிக்சி, இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடைக்குட்டித் தம்பி தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவன். அவனுக்கு ஒரே மகன். அந்த மகன்தான் படம் எடுத்தவன். இதற்கு மேல் யாரையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். எனக்குள் அத்தை மாமா வழியில் நாற்பது பேர் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டேன்.

அவள் இருபத்தேழு வயதில் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் சேர்ந்தாள். நான் சாப்பாடு கொடுக்கப் போய் அந்த இடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய கூடத்தை நடுச்சுவர் இரண்டாகப் பிரிக்கும். ஒன்று அழுக்குப் பக்கம், ஒன்று சுத்தப் பக்கம். வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் மூட்டை மூட்டையாகத் துணி அழுக்குப் பக்கத்துக்கு வரும். பிரித்து மெஷினில் போடுவார்கள். மெஷினுக்குச் சுவரின் இரண்டு பக்கமும் வாய் உண்டு. அந்த வாயில் போட்டதை இந்த வாயில் எடுப்பார்கள். சுத்தப் பக்கத்தில் காய வைக்கிற மெஷின், தேய்க்கிற உருளை, மடிக்கிற நீள மேசை, கிழிசல் தைக்க ஒரு தையல் மெஷின். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரே ஓர் இரும்புக் கதவு. சுத்தப் பக்கத்திலிருந்து பூட்டுகிற மாதிரி மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள்.

கீழ்த் தாழ்ப்பாள் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "மேல மட்டும் போட்டா கதவுக்கும் தரைக்கும் நடுவுல சந்து இருக்கும் அண்ணி. அழுக்குத் தண்ணி உள்ள வந்துரும். கீழயும் போட்டா அடியில இருக்கிற ரப்பர் தரையோட அழுந்திக்கும்" என்றாள்.

காய்ச்சல் வார்டு அங்கிகளுக்கு மட்டும் சிவப்புக் கரை போட்டிருக்கும். தொற்று நோய்க்காரர் அணிகிற துணி. அந்த மூட்டை எங்கேயாவது அவிழ்ந்தாலோ, அந்த அங்கியோடு யாராவது வழி தவறி வந்தாலோ, சுத்தப் பக்கத்தில் இருப்பவர் முதலில் கதவைச் சாத்த வேண்டும். இரண்டு தாழ்ப்பாளும் போட வேண்டும். பிறகு கையுறை, முகமூடி, ரப்பர் ஏப்ரன். அதெல்லாம் போட்ட பிறகுதான் கதவைத் திறந்து உதவிக்குப் போகலாம். அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று பார்க்கவே கூடாது. பார்த்தால் கை நின்றுவிடும். அழுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டவருக்குக் குளியலறையும், அதற்குப் பின்னால் ஒரு சின்ன வாசலும் உண்டு. குளித்துவிட்டு அந்த வழியாக வெளியே போய்விடலாம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஏழாம் வருடம் ஒரு மூட்டை அப்படித்தான் அவிழ்ந்தது. மெஷின் ஆள் ஒருவர் அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஆறடி உயரம், இரண்டு ஆள் கை. இவள் அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். அன்று சாயங்காலம் அந்த மனிதர் தலை துவட்டிக்கொண்டே வந்து, "நீ சாத்தலேன்னா நாளைக்குப் பிரசவ வார்டுக்குப் போற துணியெல்லாம் வெஷம்" என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து சலவைக் கூடச் சாவி இவள் இடுப்பில்தான்.

இனி படம் எடுத்த கடைக்குட்டித் தம்பி மகன் கதை. அவன் அம்மா ஐந்து வருடம் படுக்கையில் கிடந்தாள். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அவன் சாப்பிட்டது, தூங்கியது, பள்ளிக்கூட பேக்கைத் தொலைத்துவிட்டு வந்து அழுதது எல்லாம் இவள் வீட்டில். இவளுக்குப் பிள்ளை இல்லை. அவனும் பெரியம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். வளர்ந்து கல்யாண வீடியோ எடுத்தான். சாப்பிடுகிறவர்கள் வாயைப் படம் பிடித்துப் பிடித்து வெறுத்துப்போச்சு என்று ஒரு நாள் சொன்னான். சினிமா எடுக்கப் போகிறேன் என்றான்.

செத்தவர்கள் எழுந்து வந்து கடிக்கிற படம். ஜோம்பி என்றான். "அதுல என்னடா புதுசு?" என்று கேட்டேன்.

"அத்தை, இது படம் மாதிரியே இருக்காது. நாலு பேரு ஆஸ்பத்திரியில மாட்டிக்கிறாங்க. அவங்களே செல்போன்ல எடுக்கிறாங்க. எல்லாரும் செத்தப்புறம் அந்த போன் கெடைக்குது. அதுல இருக்கிறதைத்தான் நாம பாக்கறோம். நிஜமா நடந்த மாதிரி."

"கேமரா ஆடுமே?"

"ஆடணும் அத்தை. அதான் அழகு."

"நம்ம வீட்டுக் கல்யாணத்துல நீ எடுத்த வீடியோவும் அப்படித்தான் ஆடுச்சு. அப்ப திட்டு வாங்கினே. இப்ப அழகா?"

சிரித்தான். நல்ல பையன்தான். அதுதான் இந்தக் கதையில் இருக்கிற கஷ்டம்.

கைக்கடக்கமான படம். நடிகர்கள் என்று யாரும் இல்லை. செத்தவர்களாக வந்தவர்கள் டயர் கடைப் பையன்களும் வீடியோக் கடைக் கூட்டாளிகளும். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயமும் காபித்தூளும் கலந்து ரத்தம். இடம்தான் இல்லை. பெரியம்மாவிடம் வந்து சலவைக் கூடத்தைக் கேட்டான். அவள் சூப்பிரண்டிடம் போய், "என் பையன் சார், ஒரு சாமான் இடம் மாறாது, நான் பொறுப்பு" என்று நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கித் தந்தாள். துடைக்கிற துணியாக வெட்டப் போட்டிருந்த பழைய அங்கிகளைத் துவைத்துக் கொடுத்தாள். இரண்டில் கிழிசல் பெரிதாக இருக்கிறதென்று தைத்தும் கொடுத்தாள். "ஜோம்பிக்குக் கிழிஞ்சிருக்கணும் பெரியம்மா" என்று அவன் மறுபடி கிழித்தான். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டான். இடத்துக்கான தாள் என்றான். போட்டாள். அவனுடைய மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட கை அது, படித்துப் பார்க்குமா?

படப்பிடிப்பு அடுத்த ஞாயிறு என்று அவளிடம் சொல்லியிருந்தான். இந்த ஞாயிறு சும்மா இடம் பார்க்க வருகிறோம், பெரியப்பாவும் வந்து விளக்குக்கு ப்ளக் பாயிண்ட் பார்த்துச் சொல்லட்டும் என்றான்.

நான் சொல்ல வேண்டிய இடம் இதுதான். சனிக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். "அத்தை, நாளைக்கே எடுக்கறேன். பெரியம்மாகிட்ட மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா நடிப்பாங்க. எனக்கு நடிப்பு வேண்டாம், நிஜமா பயந்த முகம் வேணும்" என்றான். நான் சிரித்தேன். அவளாவது பயப்படுவதாவது, துடைப்பத்தை எடுத்து வெளுக்கப் போகிறாள், அதையும் படம் பிடி என்றேன். என் தம்பிக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். ஞாயிறு காலை அவர்கள் இருவரும் என் வீட்டு வாசல் வழியாகத்தான் நடந்து போனார்கள். கை காட்டினேன்.

அங்கே நடந்தது இது. அவள் சுத்தப் பக்கத்தில் ஏதோ போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள். தம்பி அழுக்குப் பக்கத்தில் குனிந்து சுவிட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு கூட்டாளி செல்போனை நீட்டிக்கொண்டு இடம் பார்ப்பது போல அவனருகே நின்றான். மடித்த போர்வை அடுக்குக்குள் ஒரு சின்ன கேமரா ஒளித்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. தள்ளுவண்டி வருகிற வாசல் படாரென்று திறந்தது. ஏழெட்டுப் பேர் கை தொங்க, வாய் ஒழுக, ஆடி ஆடி வந்தார்கள்.

எல்லோரும் சிவப்புக் கரை அங்கி போட்டிருந்தார்கள்.

அவள் துவைத்துக் கொடுத்தது சாதாரண வார்டு அங்கி. வெள்ளைத் துணி கேமராவில் எடுப்பாக இல்லை என்று முதல் தடவை வந்தபோதே அலமாரியிலிருந்து காய்ச்சல் வார்டுக் கட்டு ஒன்றை மகன் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறான். சிவப்பு நன்றாகத் தெரியுமாம். அவனுக்கு அது கலர். அவளுக்கு அது என்ன என்று அவன் யோசிக்கவில்லை.

அவள் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள் போட்டாள். குனிந்து கீழ்த் தாழ்ப்பாளும் போட்டாள்.

அந்தப் பக்கம் என் தம்பி கதவைத் தட்டினான். இரண்டு, விட்டு ஒன்று. இரண்டு, விட்டு ஒன்று. குளியலறைக்குப் பின்னால் வாசல் இருப்பது அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை. அவள் திரும்பிக் கையுறை அலமாரிக்குப் போனாள்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மகன் "போதும், போதும்" என்று கத்தினான். ஜோம்பிகள் பெரியப்பாவைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். அப்படியே வெளியே இழுத்துப்போய் டீ கொடுத்தார்கள். இவள் கையுறை, முகமூடி, ஏப்ரன் எல்லாம் மாட்டி, துணி கிளறுகிற மரத் துடுப்பை ஓங்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தபோது அந்தப் பக்கம் ஓர் ஆளும் இல்லை. கழற்றின சுவிட்ச் போர்டு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்தால் என் தம்பி ஒரு ஜோம்பியோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறான். இவள் கோலத்தைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பயல் காதைத் திருகினாள். அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தபடிதான் சொன்னார்கள். கதவைப் பற்றி யாரும் பேசவில்லை.

படம் எட்டு மாதம் கழித்து வந்தது. ஒரு சின்ன தியேட்டரில் காலைக் காட்சி. குடும்பமாகப் போனோம். அவள் புதுப் புடவை கட்டியிருந்தாள். முதல் முக்கால் மணி நேரம் யாரோ ஓடினார்கள், தரை தெரிந்தது, கூரை தெரிந்தது, எனக்கு வாந்தி வந்தது. பிறகு சலவைக் கூடம் வந்தது. முப்பது வருடமாக வாழ்கிற புருஷன் மனைவி என்று திரையில் ஒரு வரி ஓடியது.

திரையில் என் தம்பி நிமிர்ந்து பார்க்கிறான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கதவை நோக்கி ஓடுகிறான். இந்தப் பக்கத்துக் கேமராவில் அவள் முகம். பயம் இல்லை. அழுகை இல்லை. துணி மூட்டையைப் பார்க்கிற முகம். மேல் தாழ்ப்பாள். குனிந்து கீழ்த் தாழ்ப்பாள். தட்டுகிற சத்தம், இரண்டு, விட்டு ஒன்று. அவள் முதுகைக் காட்டி நிதானமாக நடந்து போகிறாள். தட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. திரை இருட்டாகிறது. அவ்வளவுதான். அடுத்த காட்சியில் வேறு யாரோ ஓடுகிறார்கள். அவள் திரும்பி வரவே இல்லை. என் தம்பியும் அதற்கப்புறம் படத்தில் இல்லை. கடித்துத் தின்றுவிட்டதாக அர்த்தம்.

தியேட்டரில் பாதிப் பேர் விசிலடித்தார்கள். "அப்படிப் போடு அம்மா!" என்று ஒருத்தன் கத்தினான். இன்னொருவர், "த்தூ, இவளும் பொம்பளையா" என்றார். அவர் நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு முன் வரிசை.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கீழ்த் தாழ்ப்பாளையுமா?"

அவள் ரப்பர், சந்து, அழுக்குத் தண்ணீர் என்று ஆரம்பித்தாள். "சரி, சரி" என்று உள்ளே போய்விட்டான்.

அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பற்றி ஊரே பேச ஆரம்பித்தது. ஒரு பத்திரிகை, தலைவலி மாத்திரையோடு போகவும் என்று எழுதியது. இன்னொன்று, இத்தனை சின்னச் செலவில் இவ்வளவு பயமா என்று வியந்தது. செல்போனில் எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். அந்தத் தாழ்ப்பாள் காட்சி ஒன்றுக்காகவே பார்க்கலாம், மனித குணத்தை உரித்துக் காட்டிவிட்டார் என்று ஒரு கூட்டம். அந்தக் காட்சிதான் படத்தையே கெடுத்தது, முப்பது வருடம் வாழ்ந்த மனைவி எங்காவது அப்படிச் செய்வாளா, கொஞ்சம்கூட நம்பும்படி இல்லை என்று இன்னொரு கூட்டம். செத்தவன் எழுந்து நடப்பதை நம்பிவிட்டார்கள். ஒருத்தி கதவு சாத்தினதைத்தான் நம்ப முடியவில்லை. அந்த அம்மா நடிப்பில் மரக்கட்டை என்றும் ஒருவர் எழுதியிருந்தார்.

சலவைக் கூடத்திலும் இரண்டு கட்சி. "அக்கா, நானா இருந்தா படம் வரைக்கும் காத்திருக்க மாட்டேன், என்னைக்கோ போட்டிருப்பேன்" என்று உருளை மெஷின்காரி சொல்லிச் சிரிக்க, தையல்காரி பேச்சையே நிறுத்திவிட்டாள். சூப்பிரண்டு கூப்பிட்டார். தொற்று வார்டு அங்கி எப்படி வெளியே போனது என்று மேலேயிருந்து கேட்கிறார்களாம். மேசை மேல் கையை நீட்டினார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குக்கூட அவள் அழவில்லை. அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம் சமையலறையில் இருந்தபோது வாசலில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. முப்பது வருடத்தில் என் தம்பி வீட்டுச் சாவி வைத்துக்கொண்டதே இல்லை. குடையைத் தொலைப்பான், கண்ணாடியைத் தொலைப்பான், சாவியைக் கொடுத்தால் அதையும் தொலைப்பான் என்று அவளே கொடுத்ததில்லை. அவன் தட்டுவான், அவள் திறப்பாள். இப்போது சாவிக் கடையில் போய் ஒன்று வெட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"உனக்கு எதுக்குச் சிரமம்" என்றானாம்.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, அந்தத் தட்டு என் காதுல விழாமலா இருந்துச்சு? விழுந்துச்சு. அதனாலதான் கையுறையைத் தலைகீழா மாட்டினேன். திரும்பி வந்தேனே. துடுப்போட வந்தேனே. அவரு பாக்கல. ஆனா கேமரா பாத்திருக்கும்ல? அதை ஒரு தடவ அவருக்குக் காட்டிட்டா போதும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இரண்டு பேரும் மகனைப் பார்க்கப் போனோம். செல்போன் கடை மாடியில் அவன் அறை. சத்தம் வெளியே போகாமலிருக்க சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தான். எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

"பெரியம்மா! பாத்தீங்களா, எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க."

"பாத்தேன்டா. நான் கதவத் தெறந்தது எங்க?"

"அது படத்துக்குத் தேவைப்படல பெரியம்மா."

"படத்துக்கு வேண்டாம். எனக்கு வேணும். அதை மட்டும் குடு, பெரியப்பாவுக்குக் காட்டிட்டுத் தந்துடறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். பன்னிரண்டு வயதில் பேக்கைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோதும் அப்படித்தான் சொறிவான்.

"இல்ல பெரியம்மா. எங்ககிட்ட இருந்ததே ரெண்டு மெமரி கார்டு. வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அன்னைக்கே அழிச்சிட்டுத்தான் அடுத்த சீன் எடுத்தோம்."

"அழிச்சிட்டியா?"

"நீங்க திரும்பி வந்தா அதுல பயமே இல்ல. துடுப்போட வந்து நின்னா ஜனங்க சிரிப்பாங்க. போனதுதான் பயம்."

"நான் போகலடா. கையுறை எடுக்கப் போனேன்."

"எனக்குத் தெரியும் பெரியம்மா."

"தெரிஞ்சுமா?"

ஆத்திரம் எனக்கு வந்தது. "ஏன்டா, சாப்பாடு போட்ட கைடா அது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அத்தை, உங்ககிட்டதான் முந்தின நாளே சொன்னேனே. நீங்கதானே சிரிச்சீங்க?"

முட்டை அட்டை ஒட்டின அறையில் பேச்சு நின்றால் காதை அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பொறுத்திருப்பேன்.

"உங்களுக்கும் தெரியுமா அண்ணி" என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

மகன் பேச்சை மாற்றினான். ரெண்டாம் பாகம் எடுக்கப் போகிறானாம். எல்லோரும் அந்த அம்மா ஏன் சாத்தினாங்கன்னு கேக்கறாங்களாம். "நீங்கதான் பெரியம்மா மெயின். அதுல நீங்க கதவத் தெறக்கற மாதிரியே எடுத்துடலாம். பெரியப்பாவும் பாப்பாரு. எல்லாம் சரியாயிடும்."

அவள் எழுந்துவிட்டாள். ஆனால் அன்று போனதும் தம்பியிடம் அதைச் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருவேளை அவன் வேண்டாம் என்பான், நீ நடிச்சுக் காட்டணும்னு எனக்கு அவசியமில்லை என்பான் என்று எதிர்பார்த்திருப்பாள். அவன் இஸ்திரிப் பெட்டி ஒயருக்கு டேப் சுற்றியபடியே சொன்னானாம்:

"போயேன். இந்தத் தடவ எத்தனை நேரத்துல தெறக்கறேன்னு பாப்போம்."

நான் தம்பி கடைக்குப் போனேன். நான் செய்ததை ஒப்புக்கொண்டேன். கையுறை, சிவப்புக் கரை, சட்டம் எல்லாவற்றையும் அவனுக்கு விளக்கினேன். அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"அக்கா, அந்தச் சட்டம் எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சோத்தோட சேத்து அதைத்தான் கேட்டிருக்கேன். தாழ்ப்பாள் போட்டது தப்புன்னு நான் சொன்னேனா? அன்னைக்கு டீ குடிக்கும்போது எனக்கு ஒண்ணுமே தோணல. படத்துலதான் அவ மொகத்தப் பாத்தேன். நான் தட்டறேன். என் தட்டுன்னு தெரியுது அவளுக்கு. அப்பவும் அந்த மொகம் அப்படியே இருக்கு. அது என்னைப் பாத்த மொகமாக்கா?"

"பாக்கக் கூடாதுன்னுதான்டா அவங்களுக்குச் சொல்லியிருக்கு. பாத்தா கை நின்னுடும்னு."

"நின்னிருக்கலாம்ல?" என்றான். "ஒரு நிமிஷம்."

படம் எடுத்தவன் எதையும் பொய்யாகச் சேர்க்கவில்லை. மிச்சத்தை எடுத்துவிட்டான், அவ்வளவுதான். அவள் கையுறை தேடின முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நானும் அவள் சொல்லித்தான் கேட்டேன்.

அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாசல் கதவில் கீழ்த் தாழ்ப்பாளைக் காணோம். அவன் பெட்டியிலிருந்தே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவளே கழற்றியிருக்கிறாள். நான்கு ஓட்டை, சுற்றி பெயிண்ட் படாத ஒரு சதுரம். தம்பி அதைப் பார்த்தான் என்று தெரியும், ஏனென்றால் அந்த ஓட்டைகளில் அவன் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தான். அவன் சாவி சட்டைப் பையில்தான் இருந்தது.

என்னோடு அவள் பேச்சை நிறுத்தவில்லை. வா அண்ணி, உக்காரு அண்ணி என்று பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அவள் வாங்க என்று சொல்கிறவள். வா என்று அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. மரியாதையைக் குறைத்தாளா, இல்லை எனக்கு மரியாதை எதற்கென்று விட்டுவிட்டாளா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம். நானும் அவளும் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தோம். மடிப்பதில் அவளோடு யாரும் போட்டி போட முடியாது. மூலைக்கு மூலை கத்தியால் வெட்டின மாதிரி வரும். வெளியே தம்பியின் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டது. படி ஏறுகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

சாவி திரும்பவில்லை.

அவள் மடித்துக்கொண்டிருந்த வேட்டி பாதியில் நின்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் கதவைப் பார்த்தாள். சாவியைத் தொலைத்துவிட்டான், அல்லது கடையில் விட்டுவிட்டான். அவன் நிழல் கதவுக்குக் கீழே, ரப்பர் இல்லாத சந்தில், இரண்டு கால் அகலத்துக்கு விழுந்திருந்தது. தட்டுவான் என்று நானும் மனதுக்குள் எண்ணினேன். இரண்டு, விட்டு ஒன்று.

நிழல் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒரு வேட்டியும் நான்கு துண்டும் மடிக்கிற நேரம். மடித்தது நான். அவள் மடிக்கவில்லை.

"போய்த் தெற அண்ணி" என்றாள்.

"நீ தெறம்மா. உனக்காகத்தான் நிக்கறான்."

"எனக்காக நின்னா தட்டியிருப்பாரு."

நான் போய்த் திறந்தேன். தம்பி சட்டைப் பையில் கையை விட்டபடி நின்றிருந்தான். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"சாவிய கடையில விட்டுட்டேன்."

"தட்ட வேண்டியதுதானேடா?"

அவன் என் தோளுக்கு மேலே எட்டி அவளைப் பார்த்தான். அவள் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தூங்குறாளோன்னு நெனச்சேன்" என்றான்.

பகலில் தூங்கி நான் அவளைப் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை. அவன் உள்ளே வந்து முகம் கழுவப் போனான். அவள் பாதியில் நின்ற வேட்டியை உதறி முதலிலிருந்து மடித்தாள். மூலைக்கு மூலை சேர்ந்தது. அதை அவன் அடுக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "போகும்போது கதவ வெறுமனே சாத்திட்டுப் போ அண்ணி. இனி உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போடப் போறதில்ல."